நர்சம்மா ஆயா

நேற்று ஆயாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. பென்னாகரம் பக்கம் எங்கள் ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் நர்சம்மாதான்.

பரணில் அந்த எவர்சில்வர் டப்பா கிடைத்தது. கண்ணாடி சிரிஞ்சையும் ஊசியையும் அதில் போட்டுத்தான் கொதிக்க வைப்பார். அடியில் பிடித்த கரி இன்னும் போகவில்லை. அது இறங்கியதும் அதே அடுப்பில் களிக்கு உலை. (டப்பா சத்தம் கேட்டாலே நான் கொல்லைக்கு ஓடிவிடுவேன், அது வேறு கதை.)

பெண் குழந்தை என்றாலே பல வீடுகள் இருண்டுபோன காலம். பெண் சிசுக்கொலையைத் தடுக்க, வேண்டாம் என்கிற குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுப்போகச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் தர்மபுரிக்கு வருவதற்கு முன்பே, பெண் பிறந்த வீட்டுக்கு ஆயா தினமும் போய் உட்கார்ந்துகொள்வார். புத்திமதி எல்லாம் கிடையாது. "பாப்பாவ இப்படிக் குடு, நான் ஊத்தி விடறேன்." அவ்வளவுதான். காலில் கிடத்திக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, குழந்தை தாயிடம் பால் குடித்து முடித்த பிறகுதான் எழுந்திருப்பார்.

காரியத்துக்கு வந்த ஓர் அக்கா, "எனக்கும் அவங்கதான் தண்ணி ஊத்துனாங்களாம்" என்று சொல்லிக்கொண்டே ஒரு பை கேழ்வரகு மாவைத் திண்ணையில் வைத்தார். இன்று காலை அதில்தான் களி கிண்டினோம்.