ஊர்ப் பெயர் இல்லாத அணியைத் தேடி ஒரு ரயில் பயணம்

கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து கொலீசியம் ரயில் நிலையத்தில் அந்த ஞாயிறு காலை நானும் மகனும் மட்டும்தான் நின்றிருந்தோம். தண்டவாளத்துக்கு மேலே ஸ்டேடியத்தை நோக்கிப் போகும் நடைபாலம் காலியாகக் கிடந்தது. ஒன்பது மாதத்துக்கு முன்பு இதே பாலத்தில் ஒரு அடி எடுத்து வைக்க ஐந்து நிமிஷம் காத்திருந்தோம். வழியெல்லாம் தள்ளுவண்டியில் வெங்காயம் வதங்கும் வாசனை, தண்ணீர் பாட்டில் விற்பவர்களின் கூவல், பச்சையும் மஞ்சளுமாய் ஜனம். இப்போது கம்பி வேலியில் ஒரு பிளாஸ்டிக் பை மாட்டிக்கொண்டு படபடத்துக்கொண்டிருந்தது.

"அம்மா, நாம இப்ப யார் டீமைப் பாக்கப் போறோம்?" என்று மகன் கேட்டான். பதினான்கு வயது. சின்னக் கேள்விதான். ரயில் வரும்வரை எனக்குப் பதில் வரவில்லை.

ஓக்லாந்து அத்லெடிக்ஸ், ஊரில் எல்லோருக்கும் 'ஏஸ்'. 1968 முதல் 2024 வரை 57 சீசன் இந்தக் கொலீசியத்தில் ஆடிய பேஸ்பால் அணி. 1972, 73, 74 என்று வரிசையாக மூன்று வருஷம் பேஸ்பாலின் இறுதிக் கோப்பையான உலகத் தொடரை வென்றது. 1989இல் இன்னொன்று. இப்போது லாஸ் வேகாஸுக்குப் போகிறது. அங்கே 2028இல் புது ஸ்டேடியம் திறக்கப்போவதாகச் சொல்கிறார்கள். அதுவரை சாக்ரமெண்டோவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மைதானத்தில் தங்கல். ஓக்லாந்தும் இல்லை, சாக்ரமெண்டோவும் இல்லை, வேகாஸும் இன்னும் இல்லை. அதனால் அணியின் பெயர் வெறும் 'அத்லெடிக்ஸ்'. முன்னால் ஊர்ப் பெயர் கிடையாது. நாங்கள் ஃப்ரீமாண்டில் குடியிருக்கிறோம், காரில் போயிருக்கலாம். அணி போன வழியிலேயே ரயிலில் போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்குத்தான் ஆசை.

2024 செப்டம்பர் 26, வியாழக்கிழமை. ஓக்லாந்தில் கடைசி ஆட்டம். நான் ஆபீசுக்கு லீவு போட்டேன், அவனைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. 46,889 பேர் வந்திருந்தார்கள். ஓக்லாந்துத் தெருக்களில் பந்தாடி வளர்ந்த பழைய ஏஸ் நட்சத்திரங்கள் ரிக்கி ஹெண்டர்சனும் டேவ் ஸ்டூவர்ட்டும் சம்பிரதாயமான முதல் பந்துகளை வீசினார்கள். டெக்சாஸ் ரேஞ்சர்ஸை 3-2 என்று ஜெயித்தோம். கடைசி அவுட் விழுந்த பிறகும் யாரும் எழுந்து போகவில்லை. மேனேஜர் மார்க் காட்சே மைக்கைப் பிடித்து நன்றி சொல்லி, 'லெட்ஸ் கோ ஓக்லாந்து' என்று கடைசியாக ஒரு தரம் எல்லோரையும் சேர்ந்து முழங்கச் சொன்னார். எங்களுக்கு முன்வரிசையில் எழுபது வயது தாண்டிய ஒருவர் முழங்க வாயெடுத்து, முடியாமல் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். மைதானப் பணியாளர்கள் மண்ணை அள்ளி அள்ளி ரசிகர்களுக்குக் கொடுத்தார்கள். மகனுக்கு ஒரு பேப்பர் கப் நிறையக் கிடைத்தது. வீட்டுக்கு வந்ததும் காலி ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கழுவி வெயிலில் காயவைத்து அதில் போட்டு வைத்தான். செம்பழுப்பு மண், நடுவே ஒரு சூரியகாந்தி விதைத் தோலும் உண்டு. எந்த ஆட்டக்காரர் துப்பியதோ! அதை எடுத்துப் போடச் சொன்னேன், கேட்கவில்லை. அந்த டிசம்பரில் ரிக்கி ஹெண்டர்சன் காலமானபோது பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

ரயில் மாடி வைத்தது. மேல்தட்டில் இடது ஜன்னலோரம் பிடித்தோம். ஜாக் லண்டன் சதுக்கம் வந்ததும் ரயில் நடுத்தெருவில் ஊர்ந்து போகும்; பக்கத்திலேயே கார்கள், நாயோடு நடப்பவர்கள், இடைவிடாத ஹாரன். அதைத் தாண்டினால் இடது பக்கம் துறைமுகத்தின் ராட்சதக் கிரேன்கள். அங்கேதான் ஹவர்ட் டெர்மினல். ஏஸுக்குப் புது ஸ்டேடியம் கட்ட வேண்டிய இடம். வீடுகள், கடைகள், பூங்காக்கள் எல்லாம் சேர்த்து 1,200 கோடி டாலர் திட்டம். நகரமும் அணியும் வருஷக்கணக்கில் பேசின, சுற்றுச்சூழல் அறிக்கைகூட ஒப்புதலாகிவிட்டது. 2023 ஏப்ரலில் ஒருநாள், வேகாஸில் நிலம் பார்த்துவிட்டோம் என்று அணி அறிவித்தது. ஜன்னலுக்கு வெளியே இப்போது கண்டெய்னர்கள் மட்டும் அடுக்கடுக்காக நின்றன.

தள்ளாடும் அணியைக் கலைக்கலாமா, இடம் மாற்றலாமா என்ற பேச்சு வரும்போதெல்லாம் 'ரசிகர்கள் வரவில்லையே' என்பதுதான் முதல் வாதம். அது முழுப் பொய் இல்லை. கொலீசியத்தில் மூவாயிரம் பேர்கூட வராத இரவுகள் இருந்தன. கட்டடமும் பாழ்தான்; 2013இல் கழிவுநீர் ஆட்டக்காரர்களின் அறைக்குள்ளேயே ஏறியது. ஆனால் இதே ஊரில் 1990இல் 29 லட்சம் பேர் ஆட்டம் பார்த்தார்கள். 2014இலும் 20 லட்சம் தாண்டியது. பிறகு என்ன நடந்தது? மேட் ஓல்சன், மேட் சாப்மன், ஷான் மர்ஃபி என்று நல்ல ஆட்டக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக வேறு அணிகளுக்குப் போனார்கள். சம்பளப் பட்டியல் லீக்கின் அடிமட்டத்துக்கு இறங்கியது. 2023இல் 112 ஆட்டம் தோற்றோம். கடையில் சரக்கையெல்லாம் காலி செய்துவிட்டு, வாடிக்கையாளர் வரவில்லை என்று கடையை வேறு ஊருக்கு மாற்றினால் அது யார் குற்றம்?

2023 ஜூன் 13 அன்று ரசிகர்கள் தலைகீழ்ப் புறக்கணிப்பு ஒன்று நடத்தினார்கள். புறக்கணிக்கிறவர்கள் வராமல் இருப்பார்கள், இவர்கள் வேண்டுமென்றே திரண்டு வந்தார்கள், 27,759 பேர். எல்லோரும் 'செல்' என்று அச்சடித்த பச்சைச் சட்டை. உரிமையாளர் ஜான் ஃபிஷர் அணியை விற்கட்டும் என்பது ஆங்கிலத்தில் அதன் பொருள். தமிழில் படித்தாலும் பொருந்துகிறது; போகச் சொன்னது உரிமையாளரை, அணியை அல்ல. போனது அணி. அதே வாரத்தில் நெவாடா மாநிலம் 38 கோடி டாலர் வரை பொதுப்பணம் தரும் சட்டத்தை நிறைவேற்றியது. நவம்பரில் 30 அணி உரிமையாளர்களும் ஒருமனதாக இடமாற்றத்துக்குக் கை தூக்கினார்கள்.

ரிச்மண்ட் தாண்டியதும் கடல் தண்டவாளத்தை ஒட்டி வந்துவிடும். சான் பாப்லோ விரிகுடாவில் தண்ணீர் வற்றிச் சேறு பளபளத்தது, நாரைகள் நின்றன. மார்ட்டினெஸுக்கு அப்புறம் நீரிணையை நீளமான பாலத்தில் கடந்து சுய்சன் சதுப்புக்குள் நுழைந்தது ரயில். மகன் சாண்ட்விச்சைப் பிரித்தான். எனக்கு மினசோட்டா ஞாபகம் வந்தது.

2001 நவம்பரில், பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக்கின் உரிமையாளர்கள் இரண்டு அணிகளை ஒரேயடியாகக் கலைத்துவிடுவது என்று 28-2 வாக்கில் முடிவெடுத்தார்கள். எல்லோர் வாயிலும் அடிபட்ட பெயர்கள் மாண்ட்ரியால் எக்ஸ்போஸ், மினசோட்டா ட்வின்ஸ். ஸ்டேடியத்தோடு ஒப்பந்தம் இருக்கிறது, 2002 சீசனை ஆடியே ஆக வேண்டும் என்று மினசோட்டா நீதிமன்றம் தடை போட்டது. அந்த வருஷமே ட்வின்ஸ் தன் பிரிவில் முதலிடம் வந்து, பிளேஆஃபில் ஓக்லாந்தைக் கொலீசியத்திலேயே வைத்து ஐந்தாவது ஆட்டத்தில் வீட்டுக்கு அனுப்பியது. சாகக் கிடந்ததாகச் சொல்லப்பட்ட அணி! 2010இல் புது ஸ்டேடியமும் வந்தது. இன்றும் அங்கேதான் ஆடுகிறது. ஒரு நீதிபதியின் கையெழுத்து இல்லாவிட்டால் இவ்வளவும் இல்லை.

மாண்ட்ரியாலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1994இல் 74 வெற்றி, 40 தோல்வி என்று லீக்கிலேயே முதலிடத்தில் இருந்தபோது வேலைநிறுத்தம் வந்து சீசனே நின்றுபோனது. அதற்குப் பிறகு நல்ல ஆட்டக்காரர்களை விற்றுத் தீர்த்தார்கள். 2002இல் லீக்கே அணியை வாங்கிக்கொண்டது. அடுத்த இரண்டு வருஷமும் இருபதுக்கு மேற்பட்ட 'உள்ளூர்' ஆட்டங்களைப் போர்ட்டோ ரிக்கோவில் வைத்தார்கள். 2005இல் வாஷிங்டனுக்குப் போய்விட்டது. 2019இல் அந்த அணி உலகத் தொடரை வென்றது. மாண்ட்ரியாலில் அந்த ராத்திரி பழைய தொப்பியோடு டிவி பார்த்திருக்கக்கூடியவர்களை நினைத்துப் பார்க்கிறேன்.

ஏஸும் ஓக்லாந்துக்கு வந்தேறிதான், மறைக்க விரும்பவில்லை. பிலடெல்ஃபியாவில் பிறந்து, கான்சாஸ் சிட்டியில் 13 வருஷம் இருந்து, அந்த ஊரை அழவைத்துவிட்டு இங்கே வந்த அணி. கான்சாஸ் சிட்டிக்காக ஒரு செனட்டர் குரல் எழுப்பினார். பேஸ்பாலுக்கு 1922இல் உச்ச நீதிமன்றம் தந்த ஏகபோகத் தடைச் சட்ட விலக்கில் கைவைப்பேன் என்றார். 1969லேயே அவர்களுக்கு ராயல்ஸ் என்ற புது அணி கிடைத்தது. அந்த விலக்குதான் எல்லாவற்றுக்கும் வேர். எத்தனை அணி, எந்த ஊரில் என்று முடிவு செய்வது உரிமையாளர்கள் மட்டும். அணி முப்பதுக்குமேல் கிடையாது, ஆசைப்படும் ஊர்கள் அதைவிட அதிகம். எனவே எந்த ஊரையும் மிரட்டலாம்.

சாக்ரமெண்டோவில் இறங்கியபோது வெயில் சுள்ளென்று அடித்தது. விரிகுடாப் பக்கத்துச் சிலுசிலுப்பு இங்கே கிடையாது. நிலையத்திலிருந்து கொஞ்ச தூரத்திலேயே கோல்டன் 1 சென்டர், கிங்ஸ் கூடைப்பந்து அணியின் அரங்கம். அதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று மகனை இழுத்துக்கொண்டு போனேன். அவன் கேட்ட கேள்விக்குப் பாதி பதில் அங்கே இருக்கிறது. 2013இல் கிங்ஸை சியாட்டிலுக்கு விற்க ஏற்பாடு ஆகிவிட்டது. ஊர் மல்லுக்கு நின்றது. கூடைப்பந்து லீக்கின் உரிமையாளர்கள் 22-8 என்று இடமாற்றத்தை நிராகரித்தார்கள். மும்பையில் பிறந்த விவேக் ரணதிவே தலைமையிலான குழுவுக்கு அணி கைமாறியது. 2016இல் இந்த அரங்கம் திறந்தது. அணி ஊரில் இருந்தது, உரிமையாளர்தான் மாறினார். இதைத்தான் ஓக்லாந்து கேட்டது.

பொன்மஞ்சள் பூசிய டவர் பாலத்தில் ஆற்றைக் கடந்தால் எதிரிலேயே சட்டர் ஹெல்த் பார்க். கீழ்மட்டத்து மைனர் லீக் அணிக்காகக் கட்டியது, பதினாலாயிரம் பேர் கொள்ளும். அவுட்ஃபீல்டுக்குப் பின்னால் புல்மேட்டில் துண்டு விரித்துக் குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. அழகான இடம், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆட்டக்காரர்களின் அறை மைதானத்தின் அந்தக் கோடியில், சுவருக்கு அப்பால். டக்-அவுட்டுக்கு, அதாவது ஆட்டத்தின்போது உட்காரும் இடத்துக்கு வர மொத்தப் புல்வெளியையும் கடந்து நடக்கிறார்கள். சட்டையின் ஒரு கையில் டவர் பாலம் தைத்திருந்தது, இன்னொரு கையில் லாஸ் வேகாஸ். ஓக்லாந்து என்ற எழுத்து எங்கேயும் இல்லை. மகன் தன் பழைய தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான்.

பக்கத்து இருக்கையில் ஓர் உள்ளூர் அம்மா, கிங்ஸ் தொப்பி போட்டிருந்தார். அவன் தொப்பியைப் பார்த்துவிட்டு, "ஓக்லாந்திலிருந்தா வர்றீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "எங்க டீமைத் தூக்கிட்டுப் போக வந்தப்போ ராத்திரியெல்லாம் தூங்கலை. இங்க உட்கார்ந்து கைதட்டும்போது உங்களை மாதிரி ஆட்களை நினைச்சுக்குவேன்" என்றார். பையிலிருந்து சன்ஸ்கிரீன் எடுத்து அவன் கையில் கொடுத்தார், அவன் காதுமடல் சிவந்திருந்தது.

புதுமுகம் நிக் கர்ட்ஸ் மட்டையெடுத்து வந்தபோது ஒரு பந்து வலது பக்கம் உயர எழும்பியது. மகன் தன்னையறியாமல் எழுந்து நின்றான். பிறகு சட்டென்று உட்கார்ந்து, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். நான் எதுவும் சொல்லவில்லை. ஆட்டக்காரர்கள் மேல் அவனுக்கு என்ன கோபம்?

திரும்பும் ரயிலில் வெயில் சதுப்பின் மேல் சாய்ந்து விழுந்தது. அவன் போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். "அம்மா, ரைமண்டி பார்க்ல ஒரு டீம் ஆடுதே, ஓக்லாந்து பாலர்ஸ்" என்றான். தெரியும். ஏஸ் போவதாக அறிவித்த அதே 2023இல் ஊர்க்காரர்கள் தொடங்கிய அணி, பயனியர் லீக்கில் ஆடுகிறது. மேஜர் லீக் இல்லை, ரிக்கி ஹெண்டர்சன்கள் அங்கே வரமாட்டார்கள். ஆனால் ரசிகர்களே பங்கு வாங்கியிருக்கிறார்கள், சட்டையில் ஊர்ப் பெயர் இருக்கிறது.

"அடுத்த சனிக்கிழமை ஃப்ரீயா நீ?"

"உனக்குத்தான் பாட்டு கிளாஸ் இருக்கு கண்ணா."

"அது காலைலதானே."

கொலீசியம் நிலையம் வருவதற்குள் இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டோம்.