ஒற்றைக் கம்பியில் ஒரு குவில்ட்

மேல்துணி, நடுவே பஞ்சு விரிப்பு, அடித்துணி என்று மூன்று அடுக்கைச் சேர்த்துத் தைப்பதுதான் குவில்ட். நான் தைத்த குவில்டைப் போட்டிக்கு அனுப்பலாம் என்று முடிவெடுத்தபோது வேலை முக்கால்வாசி முடிந்திருந்தது. விதிமுறைத் தாளை அதற்குப் பிறகுதான் படித்தேன். முதல் துணியை வெட்டும் முன்பே படித்திருந்தால் பிரித்துத் தைத்த வேலையில் பாதி மிச்சமாகியிருக்கும். அடுத்து அனுப்பப் போகிறவர்களுக்கு அந்தப் பாதி மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2019 ஜனவரியில் சென்னையில் இந்தியா குவில்ட் ஃபெஸ்டிவல் நடந்த நாளிலிருந்தே எனக்குள் இந்த ஆசை இருந்தது. ஆனால் கையில் எடுத்தது வெகு காலம் கழித்து, அம்மா தன் பழைய சுங்குடிச் சேலைகளை எடுத்துக் கொடுத்தபோதுதான். கடுகு மஞ்சள், இலைப் பச்சை, வெளுத்துப்போன கத்தரிப்பூ நிறம் என்று மூன்று சேலைகள். மூன்றும் கையால் முடிச்சுப் போட்ட மதுரைச் சுங்குடி. துணியைச் சிறுசிறு முடிச்சாகக் கட்டிச் சாயத்தில் முக்கினால், கட்டிய இடம் சாயம் பிடிக்காமல் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். கையால் கட்டியது என்பதால் எந்த இரண்டு புள்ளியும் ஒன்றுபோல் இருக்காது. 2005-ல் புவிசார் குறியீடு வாங்கிய துணி அது. உடுத்தி உடுத்தி மூன்றும் வெங்காயச் சருகு போல மெலிந்திருந்தன. அப்படியே வெட்டினால் இழுத்த பக்கம் இழுபடும். அதனால் சட்டைக் காலருக்குள் வைக்கும் ஃப்யூசிங்கில் இருப்பதிலேயே மெல்லிசாகப் பார்த்து வாங்கி, பின்பக்கம் இஸ்திரிப் பெட்டியால் ஒட்டினேன்.

திட்டம் எளிமையானது. மூன்று அங்குலச் சதுரங்கள், கால் அங்குலத் தையல், தைத்தபின் இரண்டரை அங்குலம். சுங்குடி ஒன்று, வெளுக்காத பருத்தி ஒன்று என்று சதுரங்கக் கட்டம் மாதிரி மாற்றி மாற்றி வரும். ஒவ்வொரு சதுரத்தின் நடுவையும் ஒரு புள்ளியாக நினைத்துக்கொண்டு, அதைச் சுற்றிச் சிக்குக் கோலம் போல மெஷின் தையல் ஓட வேண்டும். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு, 144 சதுரம். சுற்றிலும் எட்டு அங்குலத்துக்கு அரக்குச் சிவப்பில் புதுச் சுங்குடி.

தாளில் போட்டுப் பார்த்தபோது கோடு சேரவே இல்லை. ஒரு சுற்று சுற்றி வந்து பாதியிலேயே மூடிக்கொண்டது. அடுத்த சுற்றை வேறு இடத்தில் ஆரம்பிக்க வேண்டியிருந்தது. அம்மா பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்தார். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "சதுரப் புள்ளிக்கு ஒத்தக் கம்பி வராதுடி. ஒரு வரிசை கூட்டிப் போடு" என்றார். பிறகு நானே எண்ணிப் பார்த்தேன். இடையில் எங்கும் திருப்பாமல் நேராகப் போடும் சிக்குக் கோலத்தில், இரண்டு பக்கத்துப் புள்ளி எண்களின் மீப்பெரு பொது வகுத்தி எவ்வளவோ அத்தனை கம்பி, அதாவது சுற்றி வந்து மூடும் தனித்தனிக் கோடு, வரும். 12-க்கு 12 என்றால் பன்னிரண்டு கம்பி. 12-க்கு 13 என்றால் ஒன்றே ஒன்று.

குவில்ட் தைக்கிறவருக்கு இது வெறும் கணக்கு விளையாட்டு இல்லை. ஒவ்வொரு கம்பிக்கும் ஆரம்பத்தில் மேல்நூல், பாபின் நூல் என்று இரண்டு நுனி, முடிவில் இரண்டு நுனி. பன்னிரண்டு கம்பிக்கு 48 நுனியை முடிச்சுப் போட்டு உள்ளே மறைக்க வேண்டும். நடுவர்கள் முதலில் தேடுவதும் தையல் எங்கே ஆரம்பித்தது, எங்கே நின்றது என்பதைத்தான். ஒற்றைக் கம்பிக்கு நாலே நுனி. இன்னும் பன்னிரண்டு சதுரம் வெட்டி 156 ஆக்கினேன்.

சதுரங்களை இணைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வொரு தையலிலும் ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு பிசகினால் கண்ணுக்குத் தெரியாது. பதிமூன்று வரிசை முடியும்போது அது முக்கால் அங்குலம் ஆகிவிடும். நான் மூன்று வரிசைக்கு ஒருமுறை அளந்து, பிசகியதை அங்கேயே பிரித்தேன்.

அடுத்து மூன்று அடுக்கையும் சேர்ப்பது. முதலில் வாங்கிய பாலியஸ்டர் வாடிங் (நடு அடுக்குக்கான பஞ்சு விரிப்பு, பேட்டிங் என்பதும் இதுதான்) மேல்துணிக்கு அடியில் வழுக்கியது. அதை ஓரமாக வைத்துவிட்டு, பருத்தி அதிகமாகக் கலந்த பேட்டிங் வரவழைத்தேன். அடித்துணியை நான்கு பக்கமும் மூன்று அங்குலம் கூடுதலாக விட்டுத் தரையில் டேப் போட்டு ஒட்டி, மேலே பேட்டிங், அதற்கு மேலே மேல்துணி. நடுவிலிருந்து வெளியே தடவித் தடவி, ஒரு கைமுட்டி இடைவெளியில் சேஃப்டி பின். மொத்தம் 130 பின்னுக்கு மேல். ஒரு நாள் முழுக்கக் குனிந்து செய்த வேலை, ஆனால் இதில் அவசரப்பட்டால் அடித்துணியில் மடிப்பு விழும். அது தைத்து முடிந்தபின்தான் தெரியும்.

என்னுடையது சாதாரண வீட்டு மெஷின். ஊசிக்கும் மெஷின் உடம்புக்கும் நடுவே ஆறு அங்குலச் சொச்சம்தான் இடம். துணியை நகர்த்தும் பல்லை இறக்கிவிட்டு, எந்தப் பக்கமும் தைக்க விடும் ஃப்ரீ மோஷன் ஃபுட் மாட்டினால் துணியை இழுக்க ஆளில்லை. கைதான் நகர்த்த வேண்டும். தையலின் நீளமும் கையின் வேகத்தில்தான். ஹார்டுவேர் கடையில் விற்கும், உள்ளங்கையில் ரப்பர் புள்ளி வைத்த காட்டன் கையுறை எனக்கு ரொம்ப உதவியது. ஊசியைப் பார்த்துக்கொண்டு தைத்தால் கோடு நடுங்கும். அடுத்த புள்ளியைப் பார்த்தால் கை தானாகப் போகும். கோலம் போடுகிறவர்கள் விரலைப் பார்ப்பதில்லையே, அதே பழக்கம்.

முதல் நாள் ஒரு மணி நேரம் தைத்து, மேலே அழகாக இருக்கிறது என்று நிம்மதியோடு திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வளைவு வந்த இடமெல்லாம் நூல் இமைமயிர் போல வளைந்து வளைந்து தொங்கியது. வளைவில் கை வேகமெடுக்கிறது, மெஷின் அதே வேகத்தில் ஓடுகிறது. மேல்நூல் இறுகாமல் பின்பக்கம் இழுபடுகிறது. மேல்நூலின் டென்ஷனைக் கொஞ்சம் கூட்டி, ஊசியை 90/14 அளவுக்கு மாற்றி, வளைவில் கையை மெதுவாக்கினேன். பழசை முழுக்கப் பிரிக்க மூன்று இரவு ஆனது. இன்றைக்கும் என் மெஷின் பக்கத்தில் அதே மூன்று அடுக்கில் ஒரு துண்டு வைத்திருக்கிறேன். தினமும் உட்கார்ந்ததும் அதில் பத்து வளைவு தைத்து, பின்பக்கம் பார்த்துவிட்டுத்தான் குவில்டைத் தொடுவேன்.

மெஷினில் செய்ததெல்லாம் போட்டிக்கு வருமா என்று உறவில் ஒருவர் கேட்டார். 1989-லேயே அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்துப் படூகா நகரப் போட்டியில், கேரில் ப்ரையர் ஃபாலர்ட் மெஷினில் குவில்ட் செய்த படைப்பு உச்சப் பரிசு வாங்கியது. அங்கே மெஷின் வேலைக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுதான் முதல் தடவை. கையால் செய்தவர்கள் பலர் அன்று வருத்தப்பட்டிருக்கலாம், எனக்கு அது புரிகிறது. ஆனால் துணியை நகர்த்துகிற கை பொய் சொல்லாது. இப்போது பல போட்டிகளில், வீட்டு மெஷினில் துணியை நகர்த்தித் தைத்ததும் சட்டத்தில் துணியை மாட்டி மெஷினை நகர்த்தித் தைத்ததும் தனித்தனிப் பிரிவு. விண்ணப்பத்தில் இதைச் சரியாகக் குறிக்க வேண்டும்.

கம்பி மொத்தம் சுமார் 28 மீட்டர். நடுவில் ஒரே ஒரு இடத்தில் மேல்நூல் அறுந்தது. அங்கே நாலைந்து தையலைப் பிரித்து, நுனிகளைப் பின்பக்கம் இழுத்து, துணியை ஒட்டி முடிச்சுப் போட்டு, ஊசியில் கோத்து, பேட்டிங்குக்குள் ஒரு அங்குலம் ஓட்டி, முடிச்சு 'டப்' என்று உள்ளே போகும்வரை இழுத்தேன். புதுத் தையலைப் பழைய ஓட்டைக்குள்ளேயே ஆரம்பித்தேன்.

நடுப்பகுதி முடிந்ததும் குவில்டைச் சுவரில் பிடித்துப் பார்த்தால், பொரித்த அப்பளத்தின் ஓரம் மாதிரி பார்டர் நெளிந்தது. நடுவில் கோடுகள் ஒன்றே முக்கால் அங்குலத்துக்கு ஒன்று. பார்டரில் நாலு அங்குலத்துக்கு ஒன்றுதான் ஓட்டியிருந்தேன். நெருக்கித் தைத்த இடம் சுருங்கும், விட்டுத் தைத்த இடம் சுருங்காது. பார்டரிலும் அதே நெருக்கத்துக்குக் கோடு சேர்த்ததும் நெளிவு பெரும்பாலும் போனது.

கோடு வரைய முதலில் காற்றில் மறையும் ஊதாப் பேனாவை எடுத்திருந்தேன். சென்னையின் ஈரக் காற்றில் மாலை வரைந்தது காலையில் இல்லை. நீலப் பேனாவுக்கு மாறினேன். அது குளிர்ந்த தண்ணீரில் மட்டும் போகும். அழிக்கும் முன் இஸ்திரி போட்டால் கறை நின்றுவிடும், சோப்பும் படக்கூடாது. எனவே குவில்டை முழுக்கப் பச்சைத் தண்ணீரில் நனைத்தேன். நீலம் போனது. அரை மணியில் பார்டரை ஒட்டிய வெளுக்காத பருத்திச் சதுரங்களில் இளஞ்சிவப்பு படர ஆரம்பித்தது. அம்மாவின் சேலைகள் எத்தனையோ வருடம் துவைத்தவை, ஒரு சொட்டுச் சாயம் விடவில்லை. சாயம் விட்டது நான் புதிதாக வாங்கிய அரக்குச் சுங்குடி. அதை வெட்டும் முன் தனியாக நனைத்து வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்திருக்க வேண்டும். செய்யவில்லை.

அந்த நேரத்தில் செய்யக்கூடாதது, அதைக் காய விடுவது. காய்ந்தால் சாயம் நிலைக்கும். வீட்டில் இருப்பதிலேயே பெரிய பிளாஸ்டிக் டப்பில் கை பொறுக்கும் சூட்டுக்கும் மேலே வெந்நீர், அதில் பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம், குவில்ட் முழுக்க மூழ்கும்படி அமுக்கி இரவு முழுக்க விட்டேன். நீலம் முன்பே போய்விட்டதால்தான் இதைச் செய்ய முடிந்தது. தண்ணீர் தாராளமாக இருந்தால் விட்ட சாயம் திரும்பத் துணியில் ஒட்டாமல் தண்ணீரிலேயே நிற்கும். காலையில் தண்ணீர் பீட்ரூட் வேகவைத்த சாறு மாதிரி இருந்தது. ஐந்து முறை மாற்றினேன். ஆறாவது தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் எடுத்துப் பார்த்தபோது தெளிந்திருந்தது. சதுரங்களில் இருந்த சிவப்பு போய்விட்டது. சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஈரத்தோடேயே தரையில் யோகா மேட்டுகள் விரித்து, மேலே போர்வை போட்டு, குவில்டை இழுத்துக் குண்டூசி குத்தினேன். மூலைக்கு மூலை அளந்தால் ஒன்று 66 அங்குலம், இன்னொன்று 65. இரண்டும் 65½ ஆகும்வரை தட்டியும் இழுத்தும் குத்தி, மின்விசிறியை ஓடவிட்டேன். மழைக்காலம், காய இரண்டு நாள் ஆனது. காய்ந்தபிறகுதான் ஓரத்தை வெட்டினேன்.

ஓரத்தை மூடும் பைண்டிங்குக்கு இரண்டரை அங்குலப் பட்டை, இரண்டாக மடித்தது. மடிப்புக்குள் பேட்டிங் முழுதாக நிரம்பியிருக்க வேண்டும், மூலை மடிப்புகளைக் கையால் தைத்து மூட வேண்டும். தொங்கவிடப் பின்பக்கம் மேலே நாலு அங்குலக் குழாய் மாதிரித் துணி. அதைத் தட்டையாகத் தைத்துவிடாதீர்கள். தொங்கவிடும் கோல் நுழையும் பக்கம் கொஞ்சம் தளர்வு விட்டால்தான் கோல் முன்பக்கம் புடைக்காது. நான் முதலில் தட்டையாகத் தைத்து, பிரித்து, மறுபடி தைத்தேன். பெயர்ச் சீட்டு பின்பக்கம், அதன்மேல் மறைக்கிற துண்டு, ஏனென்றால் யாருடையது என்று நடுவருக்குத் தெரியக்கூடாது. படம் எடுக்கக் காலை வெயில் பக்கவாட்டில் விழும் பால்கனி. நேர் வெளிச்சத்தில் தையலின் மேடு பள்ளமே தெரியாது. கடைசி இரவு டார்ச்சைத் துணியோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு சதுரமாகப் பார்த்தேன். 23 நூல் துணுக்கு கிடைத்தது.

பரிசு கிடைக்கவில்லை. நடுவர் குறிப்பில் மூன்றே வரி. தையல் நீளம் சீராக இருக்கிறது. பின்பக்கம் சுத்தம். கீழே வலது மூலையில் பைண்டிங் காலியாக இருக்கிறது. குவில்ட் வீட்டுக்கு வந்த அன்றே அந்த மூலையை அமுக்கிப் பார்த்தேன், உண்மைதான். பிரித்து, ஒரு விரல் அகலத்துக்குப் பேட்டிங் செருகி, மூடினேன்.

அம்மா வந்தபோது கட்டிலில் விரித்து வைத்திருந்தேன். மேல் மூலையில் விரலை வைத்துக் கம்பியோடு போக ஆரம்பித்தார். திரும்பி, குறுக்கே கடந்து, மறுபடி திரும்பி, பேசாமல் வெகுநேரம் போனார். கத்தரிப்பூச் சதுரம் ஒன்றின்மேல் விரல் நின்றது. தடவிப் பார்த்தார்.

"இங்க அறுந்துச்சா?"

அங்கேதான் அறுந்தது.