பாதி

அந்தப் பெண் கேட்டது ஒரே கேள்விதான். "போன தடவை 640, இப்போ 320. பாதியாயிடுச்சு இல்ல சார்?" நானும் ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். "ஆமாம்மா."

கணக்குப்படி அதில் பொய் இல்லை. லேப் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் ரிப்போர்ட்டில் உள்ளதைத் தாண்டிப் பேசக் கூடாது. நானும் தாண்டவில்லை. ரொம்ப நாள் இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் அந்த 320 எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. ஏஎன்ஏ என்பது உடலின் சொந்தச் செல்கருக்களையே குறிவைக்கும் ஆன்டிபாடிகள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை. அதில் சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியை, 80, 160, 320, 640 மடங்கு என்று நீர்க்க வைத்துக்கொண்டே போவோம். ஒவ்வொன்றையும் ஸ்லைடில் தனித்தனிக் குழியில் உள்ள செல்கள் மேல் விட்டு, இருட்டறையில் மைக்ரோஸ்கோப்பில் பச்சையாக ஒளிர்கிறதா என்று பார்ப்போம். கடைசியாக எந்தக் குழியில் ஒளி தெரிகிறதோ, அந்த எண்தான் ரிப்போர்ட்டில் ஏறும். அன்று 640 குழியில் செல்கருக்கள் சாம்பலா பச்சையா என்று தெரியாமல் கண்ணைக் குழப்பின. விலகி வந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன். பாதரச விளக்கு வேறு மாற்ற வேண்டிய நிலையில் மங்கிக் கிடந்தது. சரி, 320 என்று எழுதினேன். புது விளக்காக இருந்திருந்தால் 640 என்றே எழுதியிருப்பேனோ என்னவோ. இந்தப் பரிசோதனையில் ஒரு படி ஏறுவதையும் இறங்குவதையும் மாற்றமாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

அது மட்டுமில்லை. உடல் நலமாக இருப்பவர்களிலேயே நூற்றுக்கு ஐந்து பேருக்கு 160 வரும். அந்தப் பெண்ணுக்கு இருந்தது லூபஸ், உடலின் எதிர்ப்பு சக்தியே உடலைத் தாக்கும் நோய். அதை வகைப்படுத்த 2019இல் வந்த விதிகளில் ஏஎன்ஏ குறைந்தது 80 இருக்க வேண்டும் என்பது வாசல்படி மட்டும்தான். உள்ளே போன பிறகு 320க்கும் 1280க்கும் தனி மதிப்பெண் கிடையாது. நோய் ஏறுகிறதா இறங்குகிறதா என்று அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. இவ்வளவும் தெரிந்தவன்தான் "ஆமாம்மா" என்றேன். பின்னால் வரிசை நின்றது, அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது, அதைக் கெடுப்பானேன் என்று தோன்றியது. இதில் எது உண்மையான காரணம் என்று இப்போது கேட்டால் எனக்கே தெரியவில்லை.

நான்கு மாதம் கழித்து அதே பெயரில் சாம்பிள் வந்தது. டிஎன்ஏவுக்கு எதிரான ஆன்டிபாடி எகிறியிருந்தது. எதிர்ப்பு சக்திக்குத் துணைபோகும் ரத்தப் புரதங்களான சி3, சி4 இரண்டும் தரைமட்டம். ஆன்டிபாடிகள் கொத்துக் கொத்தாகச் சிறுநீரகத்தில் போய்ப் படியும்போது இந்தப் புரதங்கள் செலவாகித் தீர்ந்துவிடும். சிறுநீரிலும் புரதம். பழக்கதோஷத்தில் ஏஎன்ஏவும் கேட்டிருந்தார்கள். அது மட்டும் அசையவே இல்லை, அதே 320.

சி3 அளவைச் சரிபார்க்க டூட்டி டாக்டர் போன் செய்தார். பேச்சோடு பேச்சாக, "மாத்திரையை அவங்களே நிறுத்திட்டாங்க. பாதியா குறைஞ்சிருச்சுன்னு நினைச்சுட்டாங்களாம்" என்றார்.

நினைச்சுட்டாங்களாம். யாரோ சொன்னதாக டாக்டர் சொல்லவில்லை. போனை வைத்ததும் முதலில் எனக்கு வந்தது நிம்மதி, அதை ஒப்புக்கொள்கிறேன். ரிப்போர்ட்டைப் பார்த்து அந்தப் பெண்ணே முடிவெடுத்திருக்கலாம். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்களுக்கும் நோய் திடீரென்று கிளம்புவது உண்டு. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்று வாதாடலாம். ஆனால் அவர் கேள்வியாகத்தான் வந்தார். பதிலாக மாறி வீட்டுக்குப் போனது என் ஜன்னலில்தான்.

"ஒரு படி இறங்கியதில் ஒன்றுமில்லைம்மா, மாத்திரையை மட்டும் விடாதீங்க" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதுவும் என் எல்லையைத் தாண்டிய பேச்சுதான். அப்படிச் சொல்லியிருந்தால் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன் என்பதுதான் வித்தியாசம்.

அதன்பிறகு யார் கேட்டாலும் "டாக்டர்கிட்ட கேளுங்க" என்றுதான் சொல்கிறேன். போன வாரம் ஒரு பெரியவர் பழைய ரிப்போர்ட்டையும் புதியதையும் ஜன்னல் மேடையில் அருகருகே வைத்து, இரண்டு எண்களின் மேலும் விரலை வைத்துக் காட்டினார். அதே பதிலைச் சொன்னேன். "பார்த்து எழுதினது நீங்கதானே தம்பி? உங்களுக்கே தெரியாதா?" என்றார். நான் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.