சப்கா மண்ணும் 60 டிகிரி ஓவனும்

மண் பரிசோதனைக் கூடத்தில் யார் வேலைக்குச் சேர்ந்தாலும் முதலில் கையில் கொடுக்கப்படுவது ஈரப்பதம் பார்க்கும் வேலை. மண்ணை எடை போட்டு, 105 முதல் 110 டிகிரி சூட்டில் ஓவனில் ஒரு நாள் வைத்து, மறுபடி எடை போட வேண்டும். குறைந்தது தண்ணீர், மிஞ்சியது மண். இதைவிட எளிய சோதனை கிடையாது. நம் ஊர்ச் செம்மண்ணுக்கு இந்தக் கணக்கு அப்படியே சரியாக வரும். நான் பல வருடங்கள் வேலை பார்த்த அபுதாபிக் கடற்கரையின் சப்கா மண்ணுக்கு, அதாவது உப்புப் படிந்த தட்டைவெளி மண்ணுக்கு, வராது.

காரணம் ஜிப்சம். கால்சியம் சல்பேட்டும் தண்ணீரும் சேர்ந்த படிகம் அது. அதன் எடையில் ஏறக்குறைய 21 சதவீதம் தண்ணீர்தான். மண் துகள்களுக்கு நடுவே நிற்கிற ஈரம் இல்லை அது. படிகத்துக்குள்ளேயே கட்டுண்டு கிடப்பது. 110 டிகிரியில் அதுவும் கழன்று போகும். 100 கிராம் உலர் மண்ணில் 40 கிராம் ஜிப்சம், கூடவே 20 கிராம் ஈரம் என்று வைத்துக்கொள்வோம். உண்மையான ஈரப்பதம் 20 சதவீதம். ஜிப்சத்தின் தண்ணீரும் முழுதாகப் போய்விட்டால் எடை இன்னும் 8 கிராமுக்கு மேல் குறையும். கணக்கு 31 சதவீதம் என்று காட்டும். உலர் அடர்த்தி, துகள்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று சொல்லும் வெற்றிட விகிதம் என்று அடுத்தடுத்து வருகிற எல்லாம் இந்த எண்ணிலிருந்து பிறப்பவை. முதல் எண் கெட்டால் அறிக்கை முழுவதும் கெட்டது.

அதனால்தான் அமெரிக்கத் தரமான ஏ.எஸ்.டி.எம். ஜிப்சம் உள்ள மண்ணை 60 டிகிரியில் உலர்த்தச் சொல்கிறது. பிரிட்டிஷ் தரமான பி.எஸ். 1377, 80 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறது. 60 டிகிரியில் மண் காய நாள் பிடிக்கும். எடை மாறாமல் நிற்கும் வரை எடுத்து எடுத்து நிறுக்க வேண்டும். இதற்கு நடுவே ரிப்போர்ட் எப்போது வரும் என்று சைட்டிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும். ஒரே இடத்து மண்ணுக்கு இரண்டு லேப்கள் கொடுத்த ஈரப்பதம் ஒத்துப்போகவில்லை என்று சண்டைக்கு வருவார்கள். இரண்டு பேரும் எத்தனை டிகிரியில் உலர்த்தினார்கள் என்று கேட்டால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

சப்காவை முதன்முதலாகப் பார்க்கிறவர்களுக்கு அது ஒன்றுமே இல்லாத வெளியாகத் தெரியும். கடலோரத்திலிருந்து உள்ளே பல கிலோமீட்டருக்குத் தட்டையான தரை. மேலே வெள்ளை உப்பு. ஆனால் ஒரு சோதனைக் குழி வெட்டிப் பார்க்க வேண்டும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி அதுதான். மேலே உப்புத் தோல், பலகோணங்களாக வெடித்து விளிம்புகள் தூக்கி நிற்கும். கீழே பழுப்பு மணல். அதற்கும் கீழே ஜிப்சம் படிகங்கள் திரண்ட கூழ் போன்ற அடுக்கு. அள்ளினால் ஈரச் சர்க்கரையாக விரலிடுக்கில் நறநறக்கும். சில இடங்களில் அன்ஹைட்ரைட் என்கிற, தண்ணீர் இல்லாத கால்சியம் சல்பேட் வெள்ளை உருண்டைகளாக இருக்கும். அப்புறம் கந்தக நாற்றமடிக்கும் கருத்த, மெல்லிய அடுக்கு ஒன்று. முன்பு அலை ஏறி இறங்கிய கரையில் படர்ந்திருந்த பாசிப் பாய் அது. அதற்கடியில் சிப்பிகள் புதைந்த சாம்பல் நிறச் சுண்ணாம்புச் சேறு. கீழிருந்து மேலே படித்தால் கடல், கரை, நிலம் என்று சில ஆயிரம் ஆண்டுகளில் கடல் பின்வாங்கிய கதை ஓர் ஆள் உயரத்துக்குள் வரிசையாக இருக்கிறது. முழுதாகப் பார்ப்பதற்குள் குழியில் தண்ணீர் ஊறிவிடும். பல இடங்களில் ஒரு மீட்டர் ஆழத்திலேயே தண்ணீர்.

அந்தத் தண்ணீர்தான் எல்லாவற்றுக்கும் மூலம். ஆண்டுக்கு 100 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாத ஊர். வெயில் மேற்பரப்பின் ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச, நுண்துளைகள் வழியே கீழிருந்து தண்ணீர் ஏறி வருகிறது. தண்ணீர் ஆவியாகிறது, உப்பு தங்குகிறது. கடல்நீர் மூன்று நான்கு மடங்கு செறிந்தால் ஜிப்சம் படியத் தொடங்கும். சமையல் உப்பு படிய ஏறக்குறைய பத்து மடங்கு செறிய வேண்டும். அதனால்தான் ஜிப்சம் கீழேயும் உப்புத் தோல் மேலேயும் இருக்கின்றன. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஷியர்மனும் அவருடன் இருந்தவர்களும் இங்கே அன்ஹைட்ரைட் நம் காலத்திலேயே உருவாகிக்கொண்டிருக்கிறது என்று 1963இல் எழுதினார்கள். அதற்குப் பிறகுதான் உலகெங்கும் பழைய பாறைகளைப் படிக்கிறவர்கள் அபுதாபிக் கரையைத் தேடி வந்தார்கள். இந்த உப்பெல்லாம் கடல் தந்தது என்றுதான் நெடுநாள் எண்ணம். 2002இல் வாரன் வுட்டும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு, பெரும்பகுதி அடியிலிருந்து மேலேறி வரும் பழைய உப்புநீரின் கொடை என்று வாதிட்டது. எங்கிருந்து வந்தாலும், லேபுக்கு வருகிற சாம்பிளில் இருப்பது கடலைவிடப் பல மடங்கு உப்பான நீர்.

ஜிப்சம் ஈரப்பதத்தைக் கூட்டிக் காட்டுகிறது என்றால், இந்த உப்புநீர் குறைத்துக் காட்டும். ஓவனில் தண்ணீர் போகும், அதில் கரைந்திருந்த உப்பு தட்டிலேயே நின்று மண்ணின் எடையோடு சேர்ந்துகொள்ளும். அதற்கும் ஒரு திருத்தம் போட வேண்டும். சல்லடையில் நீர்விட்டு அலசினால் உப்பு கரைந்து சாக்கடைக்குப் போய்விடும். துகளின் ஒப்படர்த்தி பார்க்கத் தண்ணீருக்குப் பதில் மண்ணெண்ணெய் எடுப்பது பாதுகாப்பு. நுண்துகள்கள் தண்ணீரில் எவ்வளவு மெதுவாகப் படிகின்றன என்று பார்த்து அவற்றின் அளவைக் கணிக்கும் ஹைட்ரோமீட்டர் சோதனை இன்னும் கஷ்டம். களித் துகள்கள் பிரிந்து மிதக்கத்தான் அதில் மருந்து கலக்கிறோம். ஆனால் ஜிப்சத்திலிருந்து வரும் கால்சியம் அவற்றைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்துக் கீழே இறக்கிவிடும். சிலிண்டரைப் பார்த்தாலே தெரியும், மேலே தண்ணீர் தெளிந்துபோயிருக்கும். அந்த நேரத்தில் எடுக்கிற அளவுகளை நான் பதிவதில்லை.

ஊருக்கு வந்திருந்தபோது பெரியப்பா ஒரு கேள்வி கேட்டார். “ஏன் தம்பி, ஜிப்சம் மண்ணுக்கு நல்லதுதானே? கடலைக்கு மண் அணைக்கும்போது நாமளே மூட்டை மூட்டையா போடுறோமே?” நியாயமான கேள்வி. நிலக்கடலைக்கு எக்டேருக்கு 400 கிலோ போடச் சொல்கிறார்கள். ஒரு சாண் ஆழ மண்ணோடு ஒப்பிட்டால் அது 0.02 சதவீதம்கூட இருக்காது. காய் திரளக் கால்சியமும் கந்தகமும் வேண்டும். அந்த அளவுக்கு அது உணவு. களர் நிலத்தில் போட்டால், மண்ணைப் பிடித்திருக்கும் சோடியத்தைக் கால்சியம் விரட்டும். அங்கே அது மருந்து. நான் பேசுவது எடையில் மூன்றில் ஒரு பங்கு, சில அடுக்குகளில் பாதிக்கும் மேல் ஜிப்சமாகவே இருக்கிற மண். அதில் சத்துகள் நிற்காது. இறுகிப்போன ஜிப்சம் தட்டை வேர் துளைக்க முடியாது. கூடவே உப்பு. ஹாலோக்னெமம் மாதிரி உப்பைத் தின்று வாழும் சதைப்பற்றுச் செடிகள்தான் சப்காவின் ஓரத்தில் நிற்கும். நடுவெளியில் அதுவும் இல்லை. பெரியப்பா கேட்டுவிட்டு, “அப்போ அது மண்ணே இல்லையே” என்றார். அது மண் இல்லை என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. துபாயில் இருக்கும் எமிரேட்ஸ் மண் அருங்காட்சியகத்தில், அந்த நாட்டு மண் வகைகளை நிலத்தில் இருந்த அடுக்கு மாறாமல் பெயர்த்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஊரார் போனால் பார்க்க வேண்டிய இடம்.

கட்டடக்காரர்களுக்கு இந்த மண் தரும் முதல் தொல்லை பலவீனம். கோடையில் மேல்தோல் காய்ந்து வண்டியைத் தாங்கும். மழை பெய்த மறுநாள் அதே தடத்தில் நான்கு சக்கர வண்டி அச்சு வரை இறங்கும். சுத்தியலால் அடித்து இறக்கி மண்ணின் உறுதி பார்க்கும் எஸ்.பி.டி. கம்பி, தளர்ந்த அடுக்குகளில் சுத்தியல் நான்கைந்து முறை விழுவதற்குள் முழுதும் உள்ளே போய்விடும். இதற்குக் கல் தூண்கள், அதிர்வு இறுக்கம், ஆழத்தில் இறக்கும் பைல் தூண்கள் என்று வழிகள் உண்டு. ஒப்பந்தக்காரர்களுக்கு நன்கு பழகியவைதான்.

இரண்டாவது கான்கிரீட். ஜிப்சத்தின் சல்பேட் சிமெண்டின் அலுமினேட்டோடு சேர்ந்து வீங்கி அதை உடைக்கும். உப்பின் குளோரைடு உள்ளே இருக்கும் கம்பியைத் துருவாக்கும். சல்பேட்டுக்குப் பயந்து அலுமினேட் குறைந்த சிமெண்டைப் போட்டால், குளோரைடைப் பிடித்து நிறுத்த உதவும் பொருளும் குறைந்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்த இடத்தில் இரும்பு உலைக் கசடும் மைக்ரோ சிலிக்கா என்கிற நுண்பொடியும் கலந்த அடர்ந்த கான்கிரீட், வெளியே நீர்புகாத் திரை என்று போக வேண்டியிருக்கிறது. 1970களின் அவசரக் கட்டுமான காலத்தில் வளைகுடாவில் எழுந்த கான்கிரீட் பல இடங்களில் சில ஆண்டுகளிலேயே வெடித்து உதிர்ந்தது இதனால்தான்.

இதில் லேபின் பங்கு பற்றி எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. பெரும்பாலும் கேட்கப்படுவது ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு தண்ணீர் விட்டுக் கலக்கி, கரைந்த சல்பேட்டை அளப்பது. ஆனால் நல்ல தண்ணீரில் ஜிப்சம் லிட்டருக்கு 2.4 கிராம் அளவுக்குத்தான் கரையும். அதில் சல்பேட் சுமார் 1.3 கிராம். அதற்கு மேல் கரைய இடமில்லை. ஆகவே 5 சதவீத ஜிப்சம் உள்ள மண்ணும் 50 சதவீதம் உள்ள மண்ணும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் கொடுக்கும்! அமிலத்தில் கரைத்து மொத்த சல்பேட்டையும் பார்த்தால்தான் மண்ணில் எவ்வளவு இருப்பு என்பது தெரியும். செலவு பெரிதாக ஒன்றும் இல்லை. கேட்பவர்கள்தான் குறைவு.

அந்த இருப்பு ஏன் முக்கியம் என்றால், நாம் கட்டி முடித்த பிறகுதான் நல்ல தண்ணீர் வருகிறது. சப்கா தன் சொந்த உப்புநீரோடு இருக்கும்வரை ஜிப்சம் பெரும்பாலும் அப்படியே இருக்கும், அந்த நீரில் ஏற்கனவே ஜிப்சம் நிரம்பியிருப்பதால். வீடு வந்ததும் தோட்டம் வருகிறது, குழாய் வருகிறது, கசிவு வருகிறது. ஒரு குழாய் நாளைக்கு 1,000 லிட்டர் கசிந்து, அந்த நீர் முழுவதும் ஜிப்சத்தை நிரம்பக் கரைத்துக்கொண்டு போனால் ஒரு நாளைக்கு 2.4 கிலோ. ஆண்டுக்கு ஏறக்குறைய 880 கிலோ, கன மீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். உப்பு இதைவிடப் பல மடங்கு வேகமாகக் கரையும். அத்தனை வெற்றிடம் நடைபாதைக்கும் சுற்றுச்சுவருக்கும் அடியில்! செடிக்குத் தண்ணீர் பாயும் பக்கம் மட்டும் தரை ஓடுகள் இறங்கி, சுவரில் சாய்வாக விரிசல் ஓடுவதைப் பல வளாகங்களில் பார்த்திருக்கிறேன்.

சாலைக்கான சி.பி.ஆர். சோதனையிலும் இதே கேள்விதான். மண்ணை அச்சில் இறுக்கி நான்கு நாள் தண்ணீரில் ஊற வைத்து, பிறகு தாங்குதிறன் பார்ப்பார்கள். குழாய்த் தண்ணீரில் ஊறினால் உப்புப் பிடிப்பு கரைந்து எண் சட்டென்று விழும். அந்த இடத்து உப்புநீரிலேயே ஊற வைத்தால் அவ்வளவு விழாது. இரண்டில் எது சரி என்று லேபுக்குள் உட்கார்ந்து சொல்ல முடியாது. அதனால் சாம்பிள் வந்ததும், அந்தச் சாலையின் நடுத்திட்டில் செடி வைக்கப் போகிறார்களா என்று ஆலோசகரிடம் கேட்பேன். ஆமாம் என்றால் குழாய்த் தண்ணீர் எண்ணை முதலில் எழுதி, உப்புநீர் எண்ணை அதற்குக் கீழே போடுவேன். திறந்த சப்காவில் போகும் சாலை என்றால் வரிசையை மாற்றுவேன்.