ஆல்ஃப்ரிஸ்டன் வீடு, 1:12 மாதிரி: தூண், வளை, விட்டம் மூன்றும் ஒருவழியாகக் கூடின

கூடத்தின் பின்சுவர்ப் பக்கம் நடு விட்டம் இடைவெளி இல்லாமல் உட்கார்ந்துவிட்டது. பசையும் இல்லை, மரத்தூள் அடைப்பும் இல்லை. கொஞ்சம் பீற்றிக்கொள்ளலாம் என்றுதான் இந்தப் பதிவு.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு வரி: இது இங்கிலாந்தில், கிழக்கு சசெக்ஸில் குக்மியர் ஆற்றோரம் ஆல்ஃப்ரிஸ்டன் கிராமத்தில், தேவாலயத்தை ஒட்டி நிற்கும் கிளெர்ஜி ஹவுஸ். பழைய கட்டடங்களைக் காக்கும் அமைப்பான நேஷனல் டிரஸ்ட், 1896-ல் வாங்கிய முதல் கட்டடம். விலை 10 பவுண்டு. பழுதுபார்க்க ஆனது அதற்கு எத்தனையோ மடங்கு. அமைப்பு வீல்டன் வகை: நடுவில் கூரைவரை திறந்த கூடம், இரு முனைகளிலும் மாடி அறைகள், எல்லாவற்றையும் மூடும் ஒரே கூரை.

விஷயத்துக்கு வருவோம். தூணின் தலையில் சுவரோடு ஓடும் வளையும், வீட்டுக்குக் குறுக்கே போகும் விட்டமும் ஒரே இடத்தில் வந்து சேர வேண்டும். இதற்கு இங்கிலாந்துத் தச்சர்கள் கண்ட வழி, மரத்தைத் தலைகீழாக நிறுத்துவது. அடிமரம் விரிந்த பாகம் மேலே வரும். அந்த விரிவுதான் ஜவுல். அதன் வெளிப்பாதி தாழ்ந்து வளையைத் தாங்கும். உள்பாதி வளைக்குப் பின்னால் எழும்பி விட்டத்தின் அடியில் கழுந்தாக, அதாவது துளைக்குள் போகும் ஒல்லி நாக்காக, நுழையும். விட்டமோ வளையின் மேல் நுனி விரிந்த புறாவாலாகப் படியும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வந்த இந்தக் கூட்டு பத்தொன்பது வரை பெரிதாக மாறவே இல்லை.

என் அளவுகள், எல்லாம் மி.மீ.: தூண் அடியில் 18×18, தலையில் 18×28. வளை 16 அகலம், 15 உயரம். விட்டம் 18 அகலம், 22 உயரம். புறாவால் 16 நீளம், வெளிநுனியில் 18, கழுத்தில் 10. ஆக சரிவு 4-க்கு 1. விட்டம் வளைக்குள் 4 இறங்கும்.

உயிர் நாடி எங்கே என்றால், தூணில் வளையும் விட்டமும் உட்காரும் இரண்டு படிகளின், அதாவது தோள்களின், உயர வித்தியாசத்தில். வளை உயரம் 15, இறக்கம் 4, கழித்தால் 11. இந்த 11 சரியாக வந்தால் எல்லாம் வரும். 11.2 ஆனால் விட்டம் ஜவுல் மேல் ஏறி நின்றுகொள்ளும், புறாவால் அந்தரத்தில் தொங்கும். 10.8 ஆனால் ஜவுலுக்கு மேல் வெளிச்சம் தெரியும். ஸ்கேல் வைத்து இதை அளக்கவே கூடாது. வளையைத் தூணில் செருகி, விட்டத்தின் வாலை ஏற்கெனவே வெட்டி வைத்து, அதே துண்டை வைத்தே ஜவுலில் கத்தியால் கோடு போட வேண்டும். பென்சில் கோட்டின் தடிமனே 0.3 வரும், பிறகு எங்கே துல்லியம்?

வெட்டும் வரிசை: முதலில் வால், பிறகு அந்த வாலை வளைமேல் வைத்துக் கீறி அதற்கான பள்ளம், கடைசியில் ஜவுலின் தோள். பள்ளத்தின் அடியை மட்டும் 0.2 கூடுதலாகத் தோண்டிவிடுங்கள். விட்டம் உட்காரும் இடங்கள் மூன்று: பள்ளத்தின் அடி, வளையின் மேல்முகம், ஜவுலின் தலை. மூன்றும் ஒரே சமயம் தொட வேண்டும் என்று நினைத்தால் உளியும் கையுமாக விடிந்துவிடும். அடி யார் கண்ணுக்கும் தெரியாது, அதை விட்டுவிட்டால் சரி செய்ய இரண்டே முகம்.

எல்லா அளவும் வெளிமுகத்திலிருந்துதான். தூணின் வெளிமுகமும் வளையின் வெளிமுகமும் ஒரே தளம்; மரத்தின் கோணல்மாணல் எல்லாம் உள்பக்கம் போகட்டும். அசல் தச்சர்களும் இப்படித்தான் செய்தார்கள். ஒவ்வொரு கூட்டையும் தரையில் கிடத்தித் தனித்தனியாகக் கீறிப் பொருத்தியதால் ஒரு தூண் இன்னொன்றின் இடத்தில் நிற்காது. அதனால்தான் மரங்களில் ரோமன் எண்கள். நான்கை நான்கு கோடாகவே போட்டிருப்பார்கள். நானும் உளியால் போட்டிருக்கிறேன், அலங்காரத்துக்கு இல்லை, நிஜமாகவே தேவைப்படுகிறது.

அசல் வீட்டில் இன்னொரு சிக்கல் உண்டு, மாதிரியில் அது வராது. அவர்கள் வெட்டியது பச்சை ஓக். காய்ந்தால் மரம் குறுக்கே சுருங்கும், நீளத்தில் அநேகமாகச் சுருங்காது. என் அளவை 12-ஆல் பெருக்கினால் வாலின் சராசரி அகலம் 168. ஆறு சதவீதம் சுருங்கினால் 10 போய்விடும், பக்கத்துக்கு 5. பள்ளத்தின் அகலமோ வளையின் நார் ஓடும் திசையில் இருப்பதால் அப்படியே நிற்கும். சரிவு 4-க்கு 1 என்பதால் வால் மறுபடி கவ்வுவதற்குள் 20 வழுக்கும், அதாவது சுவர் அவ்வளவு வெளியே தள்ளப்படும். பிடித்து நிறுத்துவது ஜவுலின் கழுந்துதான். வளை வெளியே இழுக்க, விட்டம் உள்ளே இழுக்க, நடுவில் மாட்டிய தூண் தலை இரண்டாகப் பிளக்கும். பழைய வீடுகளில் அந்த இடத்தில் இரும்புப் பட்டை அடித்திருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

மாதிரியில் ஜவுல் பிளப்பது வேறு காரணத்தால். நேர் நார் கட்டையில் அந்த வளைவை வெட்டினால் நார் குறுக்கே அறுபட்டுப்போகும், உளி பட்டதும் சில்லு கழன்று வரும். கிளை பிரியும் இடத்தில் நார் தானாக வளைந்திருக்கும் துண்டைத் தேடி எடுங்கள். ஓக் இந்த அளவில் வேண்டவே வேண்டாம், அதன் துளைகள் 1:12-ல் பள்ளம் பள்ளமாகத் தெரியும். நான் எடுத்தது மஞ்சக்கடம்பு. நெருக்கமான நார், உளிக்கு இணங்கும். மரக்கடையில் கழிவுத் துண்டாகக் கேட்டால் எடைக்குப் போடுவார்கள். ஆனால் ‘காய்ந்தது’ என்று கடைக்காரர் சொல்வதை நம்பாதீர்கள், வாங்கி வந்து நிழலில் அடுக்கி வையுங்கள்.

விட்டத்தின் அடியில் கழுந்துத் துளை தோண்டும்போது வாலின் கழுத்துக்கும் துளைக்கும் நடுவே 3, 4 மி.மீ. மரம்தான் மிஞ்சும். இருபுறமும் கட்டை வைத்து இறுக்கிப் பிடிக்காமல் 3 மி.மீ. உளியை இறக்காதீர்கள். கொட்டாப்புளி வேண்டாம், கை அழுத்தமே போதும்.

கூட்டைக் குறுக்கே பூட்டும் முளைகள் மூங்கில், 1.6 மி.மீ. பொற்கொல்லர் கம்பி இழுக்கும் தகட்டில் பின்பக்கமிருந்து நுழைத்து இழுக்க வேண்டும். அப்போதுதான் துளையின் கூர்விளிம்பு மூங்கிலைச் சீவும். முன்பக்கமாக இழுத்தால் நசுக்கும், பிறகு ஈரம் பட்டதும் ஊதிக்கொள்ளும். கழுந்தின் துளையைத் தோள் பக்கமாக 0.3 தள்ளிப் போட்டால் முளை இறங்க இறங்கக் கூட்டை இழுத்து இறுக்கும். 0.5 போனால் மூங்கில் உள்ளேயே ஒடியும்.

நிறம்: கறுப்புச் சட்டமும் வெள்ளைச் சுவரும் பெரும்பாலும் விக்டோரியா காலத்து ஆசை. எனக்கு வேண்டியது வெயில் குடித்த ஓக்கின் சாம்பல் வெள்ளி. வினிகரில் இரும்பு நார் ஊறிய தண்ணீர் ஓக்கில் தானாகப் பிடிக்கும்; மஞ்சக்கடம்பில் துவர்ப்பு போதாது என்பதால் முன்னால் கடுக்காய் நீர் ஒரு கை. நன்றாக நீர்க்கவிடுங்கள், கொஞ்சம் கெட்டியானாலும் கறுத்துவிடும், திரும்பாது.

முன்பக்க வளை இன்னும் பாக்கி. கூடச் சுவர் உள்வாங்கியிருக்க, வளை மட்டும் வெளியே நேராக ஓடும். அதைத் தாங்கும் வளைந்த கைகள் இரண்டுக்கும் கட்டை கிடைக்கவில்லை. அதை முடிக்காமலே மனசு தரைக்குப் போய்விட்டது. அந்த வீட்டுக் கூடத்தின் தரை சுண்ணக்கல்லை இடித்துக் கெட்டித்து, புளித்த பால் விட்டு மெழுகியது. ஒரு ஓட்டில் சுண்ணக்கல் தூளைக் கெட்டித்துப் பால் தடவி வைத்திருக்கிறேன். முதல் பூச்சு வெடிக்கவில்லை, நாற்றம்தான் தாங்கவில்லை. அடுத்த பூச்சுக்குத் தூளில் கொஞ்சம் நீர்த்த சுண்ணாம்பு கலந்து பார்க்க உத்தேசம். சுவரில் மண்ணைத் தாங்கும் வரிச்சுக்கு ஈர்க்குச்சியா மூங்கில் சிம்பா என்பதும் முடிவாகவில்லை; 1:12-ல் மண் பூசியவர்கள் இருந்தால் கனம் எவ்வளவு வைத்தீர்கள் என்று சொல்லுங்கள்.