பூச்சாண்டியும் பீப்போவும்
கள்ளழகர் வைகையில் இறங்கிய அன்று, நெரிசலில் அண்ணன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "தொலைந்துபோனால் காக்கிச் சட்டை போட்டவரிடம் போ" என்றேன். அவளோ பயந்து என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். 'சாப்பிடாவிட்டால் போலீஸ் பிடித்துப்போகும்' என்று வீட்டில் நாங்களே ஊட்டி வளர்த்த பயம் அது.

இதற்கு நேர்மாறாக, ஜப்பானின் டோக்கியோ மாநகரக் காவல்துறை 1987இல் பீப்போ என்ற சித்திரப் பாத்திரத்தை உருவாக்கியது. மக்களின் குரலைக் கேட்கப் பெரிய காதுகள், மூலைமுடுக்கெல்லாம் பார்க்கப் பெரிய கண்கள், ஊரின் சலனத்தை உணரத் தலையில் ஆன்டெனா போல ஓர் உணர்கொம்பு என, அதன் உருவமே காவலரின் கடமையைக் குழந்தைக்கு விளங்கவைத்துவிடுகிறது. அமெரிக்காவில் 1980இல் வந்த மெக்ரஃப் என்னும் துப்பறியும் நாய், மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு, முதலில் பெரியவர்களுக்குத்தான் கதவைப் பூட்டச் சொல்லிக்கொடுத்தது. குழந்தைகள் பக்கம் திரும்பியது பிறகுதான்.

ஆனால் குழந்தைகளுக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் 'அந்நியரிடம் பேசாதே' என்ற பாடம் மட்டும் போதாது என்பது என் எண்ணம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் நம் நாட்டின் போக்சோ சட்ட வழக்குகளில் பெரும்பாலானவற்றில் குற்றம் சாட்டப்படுபவர் குழந்தைக்குத் தெரிந்தவரே. அதனால் அண்ணன் மகளுக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் மனப்பாடம் செய்வித்தேன். நேற்று அவளே ஒரு படம் வரைந்து காட்டினாள்: காக்கிச் சட்டை போட்ட ஜல்லிக்கட்டுக் காளை, திமிலில் 1098.