கெஃப் 104/2 வாங்கும் முன் உள்ளே இருக்கும் வூஃபரைக் கவனியுங்கள்

பழைய டவர் ஸ்பீக்கர்களில் கெஃப் 104/2-ஐ இன்றும் தேடித் தேடி வாங்கும் ஆட்கள் உண்டு. இங்கிலாந்தின் மெய்ட்ஸ்டன் நகரத்து கெஃப் நிறுவனம் 1984-ல் கொண்டுவந்த மாடல். ஒரு பெட்டி 30 கிலோவுக்கு மேல் இருக்கும். முன்னால் நின்று பார்த்தால் ஒரு ட்வீட்டர் (உச்ச ஒலிக்கானது), அதற்கு மேலும் கீழும் ஒவ்வொரு மிட்ரேஞ்ச் (நடு ஒலிக்கானது), ஒரு துளை, அவ்வளவுதான். பாஸ் எனும் அடி ஒலியைத் தரும் 8 அங்குல வூஃபர் இரண்டும் பெட்டிக்குள்ளே இருக்கின்றன. உள்ளறைக்குள் அவை தள்ளும் பாஸ்தான் துளை வழியே வெளியே வருகிறது. இரண்டையும் ஒரு உலோகக் கம்பி பிணைத்து, பெட்டி அதிராமல் பார்த்துக்கொள்கிறது. அழகான வடிவமைப்பு. வாங்குபவர் ஏமாறுவதும் இதனால்தான்.

வூஃபரின் விளிம்பைச் சுற்றியிருப்பது ஃபோம். வயதானால் அது பொடிந்துவிடும். சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஈரக்காற்றில் இன்னும் சீக்கிரம். மற்ற ஸ்பீக்கரில் விரலால் தொட்டே இதைக் கண்டுபிடிக்கலாம். இதில் காதுதான் கருவி. போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் (விரும்பும் அதிர்வெண்ணில் ஒலி எழுப்புவது) போட்டு, 40-லிருந்து 120 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றுங்கள். ஒலி குறைவாகவே இருக்கட்டும், பெட்டிகளைத் தனித்தனியாகச் சோதியுங்கள். துளைக்குப் பக்கத்தில் காதை வைத்தால் சுத்தமான முழக்கம் மட்டும் கேட்க வேண்டும். படபடப்பு கேட்டால் ஃபோம் கிழிந்திருக்கிறது. கரகரவென்று உரசினால் வாய்ஸ் காயில் (வூஃபரை ஆட்டும் கம்பிச்சுருள்) நடுவிலிருந்து விலகியிருக்கிறது.

அடுத்து ட்வீட்டர். அதன் காயிலைக் குளிர்விக்கும் ஃபெர்ரோஃப்ளூயிட் எனும் காந்தத் திரவம் காலப்போக்கில் காய்ந்து பிசினாகிவிடும். ஒரு பெட்டியில் ஜால்ரா ஒலி மங்கலாக இருந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். காயில் பிழைத்திருந்தால், பழையதைக் காகிதத்தால் ஒற்றி எடுத்துப் புதிது விட்டால் போதும்.

என் கருத்து: ஃபோம் பொடிந்து, யாரும் கை வைக்காத ஜோடி குறைந்த விலைக்குக் கிடைத்தால் அதையே எடுங்கள். யாரோ அரைகுறையாக ஃபோம் மாற்றியதை எடுக்காதீர்கள். கடினமான ஃபோம் ஒட்டினால் வூஃபரின் இயல்பு அதிர்வெண் (ஒத்ததிர்வு) மேலே போய், பாஸின் ஆழம் குறையும். நான்கு வூஃபரையும் ஒரே நேரத்தில், ஒரே வகை ஃபோமில் மாற்ற வேண்டும். பழைய பசையை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் முழுக்கத் துடையுங்கள். புதியதை ஒட்டும்போது 20–30 ஹெர்ட்ஸ் டோனை மிக மெல்ல ஓடவிட்டு, கோன் (வூஃபரின் கூம்பு) உரசாமல் ஆடும் இடத்தில் நிறுத்திப் பசையைக் காயவிடுங்கள். வூஃபரை வெளியே எடுப்பதற்கே பொறுமை வேண்டும். அந்தக் கூலியையும் சேர்த்தே விலை பேசுங்கள்.

இனி ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்). 104/2-இன் கிராஸ்ஓவர் (ஒலியைப் பிரித்து ஒவ்வொரு யூனிட்டுக்கும் அனுப்பும் சர்க்யூட்), ஆம்புக்கு ஏறக்குறைய எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே 4 ஓம் தெரியும்படி அமைக்கப்பட்டது. இது எவ்வளவு பெரிய வசதி என்பது இன்ஃபினிட்டி கப்பா 9 என்ற இன்னொரு ஸ்பீக்கரைப் பார்த்தால் புரியும். அது சில இடங்களில் 1 ஓமுக்கும் கீழே இறங்கும். 20 வோல்ட் கொடுத்தால் 4 ஓமில் 5 ஆம்பியர் போதும். 1 ஓமில் 20 ஆம்பியர் வேண்டும். சாதாரண ரிசீவர் (ரேடியோ சேர்ந்த ஆம்ப்) அங்கே தாங்காது. 104/2-க்கோ 4 ஓமைத் தாங்கும் நல்ல 50 வாட் ஆம்பே சாதாரண அறைக்குப் போதும். சென்சிட்டிவிட்டி (ஒரு மீட்டரில் எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) 92 டெசிபல் என்பது 2.83 வோல்ட்டுக்கு, அதாவது 4 ஓமில் 2 வாட்டுக்கு. வாட் இரட்டிக்கும்போதெல்லாம் 3 டெசிபல் கூடும்; 32 வாட்டில் ஒரு மீட்டர் தூரத்தில் 104 டெசிபல். வால்வ் ஆம்ப் என்றால் 4 ஓம் முனையில் இணையுங்கள்.

ரிசீவரில் ஏ+பி (இரண்டு ஜோடி ஸ்பீக்கர் சேர்ந்து ஓடும் ஸ்விட்ச்) போட்டு இன்னொரு 4 ஓம் ஜோடியைச் சேர்க்காதீர்கள். ஆம்ப் பார்ப்பது 2 ஓமாகிவிடும். சின்ன ஆம்பை முறுக்கிக் கிளிப்பிங்கில் (திறனைத் தாண்டி ஒலியலை வெட்டுப்படும் நிலையில்) ஓட்டினால் முதலில் போவது ட்வீட்டர். வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு போதும்.

பழைய ஆம்ப் என்றால் ஸ்பீக்கரை மாட்டும் முன் மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து, பாட்டு ஓடாதபோது அவுட்புட் முனைகளை அளந்து பாருங்கள். 50-க்குள் இருந்தால் சரி. 100-ஐத் தாண்டினால் மெக்கானிக்கிடம் கொடுங்கள். ஜப்பானிலிருந்து வந்தது 100 வோல்ட், அமெரிக்காவிலிருந்து வந்தது 120 வோல்ட் என்பதைப் பின்பக்கத் தகட்டில் பார்த்து, அதற்கேற்ற ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். தகட்டில் 400 வாட் என்றிருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் 600 விஏ-வுக்கு (வோல்ட்-ஆம்பியர்) குறைய வேண்டாம்.